செத்தவருக்குப் பற்றவைத்த சுருட்டு

எனக்கு வயது எழுபத்துமூன்று. பெற்றது ஐந்து, அதில் ஒன்று நிலைக்கவில்லை. தங்கச்சி விட்டுவிட்டுப் போன இரண்டையும் சேர்த்து ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை, ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதும் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். பேத்தி தனுசாவின் பழைய கொப்பியில் மிச்சமாய்க் கிடந்த தாள்களில் இதை எழுதுகிறேன். நாளைக்கு அரைப்பக்கம், கை ஒத்துழைத்தால் ஒரு பக்கம். எழுத்துப் பிழையை அவள் திருத்தட்டும். சொல்லைத் திருத்த விடமாட்டேன்.

கிளினிக்கில் வாங்குப் பலகையில் பக்கத்தில் இருக்கிறவர்கள் என் காலைப் பார்த்துவிட்டு, சுருட்டை எப்படி விட்டீங்க என்று கேட்கிறார்கள். அங்கே சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. ஒரு பெடியன் சிகரட்டை இரண்டாக முறித்துவிட்டுப் பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறான். அப்படி ஒருவரும் சிரிப்பதில்லை. சளி, சீழ், மலச்சிக்கல், பொய். நான் கண்டது இந்த நான்கும்தான். அதை உள்ளபடி எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டு வாசிக்காதீர்கள்.

பெண்பிள்ளை சுருட்டுக் குடிக்கிறதா என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரிகள் நாலு பேரை விசாரித்துப் பாருங்கள். என் மனிசன் வட்டையில், எங்கள் வயல்வெளியில், காவல் புரைக்குள் இருந்துகொண்டு "சுருட்டப் பத்தவச்சிக் கொண்டு வா புள்ள" என்பார். நெருப்பு இருப்பது அடுப்பில், அடுப்பு இருப்பது என்னிடம். கொள்ளியைச் சும்மா பிடித்தால் சுருட்டுப் பற்றாது. வாயில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தால்தான் பற்றும். கலியாணம் முடித்த வருஷம் இரண்டு இழுப்பு. தலைப்பிள்ளைக்குப் பிறகு நாலு. பிறகு அவருக்கு ஒன்று பற்றவைத்தால் எனக்கும் ஒன்று. வீட்டுக்கு வீடு பெண்கள் இப்படித்தான் பழகினோம். புருஷனுக்குப் பணிவிடை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பழகினோம்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவருடைய எச்சிலும் என்னுடைய எச்சிலும் புகையிலைச் சாறும் ஊறிய ஒரு நுனி. அதை நாற்பத்தைந்து வருஷம் ருசி என்று சொன்னேன். பேரப்பிள்ளைகள் கொஞ்ச வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். வெட்கம் என்று நினைத்தேன். அது வெட்கமில்லை, என் வாய் நாற்றம்.

முதலில் கெண்டைக்காலில்தான் தொடங்கியது. கோயிலடிக்கு நடந்தால் பாதிவழியில் கெண்டை கட்டையாகி இறுகும். நின்றால் விடும், நடந்தால் பிடிக்கும். பிறகு பாதம் மீன்பெட்டி ஐசைப் போலக் குளிர்ந்தது. படுத்தால் குத்தும், கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கப் போட்டால் கொஞ்சம் ஆறும். அந்த நோவுக்கு நான் குடித்த மருந்தும் சுருட்டுத்தான்.

அப்படி இருக்கும்போது வேலியடியில் வலது காலின் இரண்டாம் விரலில் ஒரு முள் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சள் வைத்தேன். ஆறவில்லை. விரல் சிவந்தது, பிறகு நாவற்பழம் போலானது, பிறகு கரியானது. சீலைத் துண்டால் சுற்றிப் பவுடர் போட்டு ஒருவருக்கும் காட்டாமல் திரிந்தேன். நான் கடைசி மகள், தனுசாவின் தாய், கோமளத்தோடு இருக்கிறேன். அவள் வீட்டுக்குள் செத்த எலி தேடத் தொடங்கினாள். அரிசி மூட்டையைப் புரட்டினாள், அலுமாரியை இழுத்தாள். இரண்டு நாள் தேடினாள். நானும் கதிரையில் இருந்துகொண்டு, அந்த மூலையில் பார், இந்த மூலையில் பார் என்று காட்டிக்கொண்டிருந்தேன். புகையில் என் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. மூன்றாம் நாள் என் காலைச் சுற்றி இலையான் மொய்ப்பதைக் கண்டுவிட்டு அவள் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது.

"எலி இல்லம்மா. உங்கட கால்."

சுற்றியதை அவிழ்த்தவள் வெளியே ஓடிப்போய் ஓங்காளித்தாள். வாயைக் கழுவிவிட்டு வந்து, வெந்நீரில் அந்த விரலைக் கழுவினாள்.

அன்றைக்கே புறப்பட்டோம். எங்களூரிலிருந்து வாவியைக் கடக்க மண்டூர்த் துறையில் ஒரு மிதவை உண்டு. மோட்டசைக்கிளும் ஆட்களும் ஏறும் பெரிய பலகைத் தட்டு. நாங்கள் அதைப் பாதை என்போம். அதில் ஏறி நின்றபோது என் பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மற்றப் பக்கம் நகர்ந்தார்கள். தட்டு ஒரு பக்கம் பாரம் என்று பாதைக்காரர் சத்தம் போட்டார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுதான் பாதி வருத்தம். துண்டு எடுக்க ஒரு வரிசை, துண்டைக் காட்ட ஒரு வரிசை, இரத்தம் கொடுக்க ஒரு வரிசை. சீனி வருத்தம், அந்த நீரிழிவு, இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. பிறகு கையிலும் கணுக்காலிலும் பட்டி கட்டி அழுத்தம் பார்த்தார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்க வேண்டுமாம். எனக்குக் கால் அழுத்தம் கையில் பாதியும் இல்லை. இன்னொரு நாள் ஸ்கான். காலில் பசை போல ஒன்றைப் பூசி, ஒரு கட்டையை வைத்து உருட்டுவார்கள். குழாய்க்குள் இரத்தம் ஓடுவது படமாகவும் தெரியும், சத்தமாகவும் கேட்கும். தொடையில் சூ, சூ என்று நல்ல சத்தம் வந்தது. கீழே போகப் போகச் சத்தம் மெலிந்தது. பாதத்தில் ஒன்றுமே கேட்கவில்லை.

வாட்டில் சேர்த்த பிறகு என்னைப் பார்த்தவர் இளம் டொக்டர், தென்பகுதிச் சிங்களப் பிள்ளை. தமிழ் பழகி, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசுவார். புகை இரத்தக் குழாயைச் சுருக்கும், உள்ளே படை படையாக அடைக்கும் என்றார். பெரிய வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது, வரம்போரத்துச் சின்ன வாய்க்கால்கள் எல்லாம் தூர்ந்துவிட்டன, கடைசிப் பாத்தி கருகுகிறது என்று நான் விளங்கிக்கொண்டேன். சின்னக் குழாய்கள் என்பதால் கம்பி விட்டுத் திறக்கவும் முடியாதாம்.

"ஒரு நாளைக்கு எத்தன சுருட்டு அம்மா?"

"ரெண்டு மகன்."

ஏழு. கோமளம் என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

"விரல நாங்க எடுப்பம். காலக் காப்பாத்துறது உங்கட வேல. சுருட்ட விட்டா புண் ஆறும். விடாட்டி முழங்காலுக்குக் கீழ வெட்டணும்."

சாவுக்கு நான் பயந்தவள் இல்லை. ஆனால் என்னை ஒருவர் தூக்கிக்கொண்டுபோய்க் கக்கூசில் இருத்தித் திரும்பத் தூக்கிவருவதை நினைத்துப் பார்த்தேன். ஆறு பேருக்குக் கழுவிவிட்ட எனக்கு இன்னொருவர் கழுவிவிடுவதா? அன்றைக்கே விட்டேன் என்று சொன்னேன். விரலை எடுத்தார்கள்.

விட்டேன் என்று வாய் சொல்லிவிட்டது. உடம்பு அதைக் கேட்கவில்லை. புகையிலைக்குள் இருக்கும் நிக்கொட்டீன் என்கிற சாமானுக்கு மூளை அடிமையாகிக் கிடக்குமாம். அது வராவிட்டால் தாய்ப்பால் மறக்கச் செய்த குழந்தை மாதிரி அடம் பிடிக்குமாம். முதல் மூன்று நாளும்தான் கொடுமை, மூன்று நாலு கிழமையில் அடங்கும் என்று வாட்டு மிஸ்ஸி சொன்னா. நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். சொல்வது சுகம்.

முதல் நாள் விரல்கள் தாமாக உருட்டின. கட்டில் விரிப்பின் கரையைச் சுருட்டுப்போல உருட்டி உருட்டி நூல் பிரிந்துபோனது. இரண்டாம் நாள் வாயில் எச்சில் ஊறி ஊறி வழிந்தது. துப்புவதற்குக் கோமளம் ஒரு டப்பா வைத்தாள், நாளைக்கு மூன்று முறை அதைக் கொட்டிக் கழுவினாள். மூன்றாம் நாள் அவள் தந்த தேத்தண்ணி ஆறிவிட்டதென்று கோப்பையை அவள் மடியிலேயே விட்டெறிந்தேன். வேர்க்கும், குளிரும், காரணமில்லாமல் அழுகை வரும். நாலாம் நாள் இருமல் கிளம்பியது. வந்த சளியைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அடுப்புப் புகைக்கூட்டைச் சுரண்டியது போல, கறுப்பும் பச்சையுமாய், கயிறு கயிறாக. நாற்பத்தைந்து வருஷமாக அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன். ஐந்து நாள் வயிறு போகவில்லை. சுருட்டு இல்லாமல் குடல்கூட வேலை செய்யாது. கடைசியில் மிஸ்ஸி பின்பக்கத்தால் மருந்து விட வேண்டி வந்தது. அதைப்பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

அந்த மிஸ்ஸியின் வாய் நல்ல வாய். "ஆச வந்தா அஞ்சி நிமிஷம் தாங்குங்க பெத்தா. அதுக்கும் கால் நோகும், நெடுக நிக்காது" என்பா. எங்கள் பக்கம் வயதான பெண்களைப் பெத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கராம்பைக் கடைவாயில் வைத்துக்கொள்வேன், தண்ணீரை மிடறு மிடறாகக் குடிப்பேன், யன்னலால் தெரியும் தண்ணீர்த் தொட்டியில் வந்து இருக்கும் காகங்களை எண்ணுவேன். உண்மையாகவே போய்விடும். பிறகு திரும்பவும் வரும். சுருட்டுக்குப் பதிலாக வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை போடலாமா என்று கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் அப்பன் ஒருத்தன்தான் பெத்தா" என்றுவிட்டுப் போனா.

பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடி சுபைதா இருந்தா. சீனி வருத்தத்தில் குதிக்கால் புண். நல்ல மனிசி, வீட்டிலிருந்து வரும் கஞ்சியில் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றுவா. ஆனால் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் முக்காட்டால் மூக்கை மூடிக்கொள்வா. புண் நாற்றம் என்று நினைத்து, ஒருநாள் கோபத்தில் கேட்டேவிட்டேன். உங்களுக்கும் புண்தானே, என்ன மூக்கைப் பொத்துகிறீர்கள் என்றேன்.

"கோவிக்காதீங்கக்கா. புண் இல்ல. உங்கட சீல மூட்டதான் மணக்கிது."

கட்டிலுக்குக் கீழே நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த உடுப்பு மூட்டை இருந்தது. அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. பத்தாம் நாள் போல என் மூக்குத் திறந்தது. திறந்தது என்றால் சுகம் என்று நினைக்காதீர்கள். பத்து நாளாக நான் கிடந்த இடம் ஒரேயடியாக மூக்குக்குள் ஏறியது. சீழ், லைசோல், மூத்திரம், பழைய சோறு, யாரோ உரித்த தோடம்பழத் தோல். மாற்றிக்கட்டச் சீலை எடுக்க அந்த மூட்டையை அவிழ்த்தேன். சாம்பலில் நனைந்த நாய் படுத்தெழும்பியது போல ஒரு வாடை. அது என் வாடை. அதோடுதான் கோயிலில் முன்வரிசையில் நின்றேன், கலியாண வீடுகளில் நாற்சபையில் இருந்தேன். மூட்டையைக் கோமளத்திடம் கொடுத்து, கொண்டுபோய்த் துவை என்றேன். அவள் நாலு தண்ணீரில் அலசினாள்.

அவள் பகலெல்லாம் என் கட்டிலோடு இருந்தாள். சாப்பாட்டைக் கொண்டுவந்து, நான் தின்னாமல் தள்ளியதை மூலையில் நின்று தின்றாள். என் பாதத்தைத் தொட்டுத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பாள். என்ன ஏசினாலும் "சரிம்மா" என்பாள். அந்தச் சரிம்மா எனக்கு எரிச்சல்.

வீட்டுக்கு வந்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் புண்ணுக்கு மருந்து கட்டுவது கோமளத்தின் வேலை. மிஸ்ஸி காட்டிக்கொடுத்தபடி தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றி, கை கழுவி, கழுவி, மருந்துத் தண்ணீர் பட்டு அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போனது. ஐந்தாம் கிழமை புண்ணின் கரையில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் ஓடியது. அதைக் கண்டு அவள் சிரித்தாள். எனக்கும் சுருட்டு நினைவு நாளைக்கு ஒன்றிரண்டு தடவைதான் வந்தது. வென்றுவிட்டேன் என்று இருந்தேன்.

அப்போதுதான் மனிசனின் ஆண்டுத் திவசம் வந்தது. அவர் போய் ஒன்பது வருஷம். திவசத்துக்கு அவர் விரும்பியதெல்லாம் படைப்போம். சம்பா அரிசிச் சோறு, இறால் பொரியல், கொஞ்சம் சாராயம், ஒரு சுருட்டு. சுருட்டைப் பற்றவைத்துத்தான் வாழையிலைக் கரையில் வைக்க வேண்டும். பற்றாத சுருட்டை அவர் என்ன செய்வார்? வருஷா வருஷம் அதைப் பற்றவைப்பது நான். கோமளம் நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு, தான் பற்றவைப்பதாகச் சொன்னாள். நான் விடவில்லை. உன் அப்பாவுக்கு நான் பற்றவைத்துக் கொடுக்காமல் வேறு யார் என்றேன். இது குடிப்பது இல்லையே, படையல்தானே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு இழுப்பு. கலியாணம் முடித்த வருஷம் போல இரண்டே இரண்டு.

நெஞ்சுக்குள் அது போய் இருந்த விதத்தை எழுதினால் வாசிக்கிற யாருக்காவது ஆசை வந்துவிடும். எழுதமாட்டேன். சுருட்டை இலைக் கரையில் வைத்தேன், கும்பிட்டேன். கும்பிடும்போதும் கண் அதிலேயே இருந்தது. எல்லாரும் சாப்பிட இருந்த நேரம் படையலில் அணைந்து கிடந்த மிச்சத்தை எடுத்து மடியில் சொருகிக்கொண்டேன். கக்கூசுக்குப் பின்னால் போய், ஒரு கையால் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, செத்தவருக்கு வைத்ததைத் திருடிக் குடித்தேன். எழுபத்துமூன்று வயதில் நான் செய்த காரியம் அது.

மறுநாளிலிருந்து ஓயவில்லை. மோட்டசைக்கிளில் மீன் கொண்டுவரும் ரவியிடம், வைரவருக்கு வைக்கச் சுருட்டு வேண்டும் என்று சொல்லிவைத்தேன். எங்கள் வளவு மூலையில் வைரவர் சூலம் இருக்கிறது, அவன் நம்பினான். மீன் பையின் அடியில் வைத்துத் தருவான். ஒரு கிழமை போக அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன பெத்தா, வைரவர் நாளைக்கு ரெண்டு மூண்டு குடிக்கிறாரு. சாமிக்கும் வருத்தம் வந்திரும், பாத்துக்கங்க."

போடா என்றேன். கோமளம் கிணற்றடியில் நிற்கும் நேரம் பார்த்துக் கக்கூசுக்குப் பின்னால் போவேன். இறால் தண்ணீர் ஊறி, செதில் ஒட்டிய சுருட்டு. திறந்த மூக்கோடு அதைக் குடித்தேன். முன்பு நாற்றம் தெரியாமல் குடித்தேன், அதற்கு மன்னிப்பு இருக்கலாம். இப்போது ஒவ்வொரு இழுப்பிலும் குமட்டியது. குமட்டக் குமட்டக் குடித்தேன். பிறகு கராம்பு மென்று, வாய் கொப்பளித்து, மஞ்சளால் கை கழுவி வந்து மகளிடம் காலை நீட்டுவேன்.

பன்னிரண்டு நாளில் புதுத் தோல் பின்வாங்கியது. பக்கத்து விரலும் நாவல் நிறமானது. திரும்பவும் பாதை, திரும்பவும் வாங்கு. மருந்துகட்டும் அறையில் வாட்டு மிஸ்ஸிதான் இருந்தா. கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. கோமளத்தைப் பிடித்துக்கொண்டா. தண்ணீர் கொதிக்கவைத்தாயா, துணி வெயிலில் காய்ந்ததா, இப்படியா ஒரு புண்ணைப் பார்ப்பது, உன்னை நம்பித்தானே அனுப்பினோம் என்று எல்லாருக்கும் முன்னால் ஏசினா. நாற்பது வயதுப் பிள்ளை, வெடித்த விரல்களைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"போன கிழம மழைக்க துணி சரியாக் காயல்ல மிஸ்ஸி. நான்தான் அப்பிடியே கட்டிப்போட்டன்."

தன்னில் ஒரு பிழையைத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். நான் அங்கேயே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பிறகு டொக்டர் வந்து சுருட்டு எப்படி என்று கேட்டார். விட்டது விட்டதுதான் மகன் என்றேன். அவர் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மருந்து கட்டியும் ஏன் இப்படி என்று தன் மொழியில் மற்ற டொக்டரிடம் சொன்னார் போலும். என்னை வாட்டில் போட்டு மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே வெட்டுவது என்று முடிவானது. கையெழுத்து வாங்கும் தாளைக் கோமளத்திடம் கொடுத்தார்கள். அவள் பேனையைப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வைக்க முடியாமல் இருந்தாள். என்னாலதானே, என்னாலதானே என்று தாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சீழ் பார்த்திருக்கிறேன், இலையான் பார்த்திருக்கிறேன், என் நெஞ்சிலிருந்து வந்த கறுப்பையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டிலில் கிடந்து மகளைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைப்போல ஓர் அருவருப்பை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை டொக்டர் சுற்றிவரும்போது கோமளம் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தாள். அந்த நேரம்தான் எனக்கு வாய் வந்தது. அவள் நின்றிருந்தால் வந்திராது.

"மகன், நான் சுருட்டுக் குடிச்சன். திவசத்தில இருந்து பன்ரெண்டு நாள். முதல் நாள் ரெண்டு எண்டதும் பொய். ஏழு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். மிஸ்ஸி பின்னால் நின்றா.

"நாங்க மருந்த மாத்தினம். மகளுக்கு ஏசினம். நீங்க பாத்துக்கொண்டு இருந்தீங்க."

"ஓம்."

ஓம் என்பதைத் தவிர அதற்கு என்ன இருக்கிறது? அவர் குனிந்து காலைத் திருப்பிப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, சிவப்பு கணுக்காலைத் தாண்டவில்லை, அதனால் பத்து நாள் பார்க்கலாம் என்றார். ஊசி மருந்து போகும், இரண்டாம் விரலுக்குப் பக்கத்து விரலையும் எடுக்க வேண்டும். ஒரு இழுப்பு, ஒரே ஒரு இழுப்பு இழுத்தாலும், காய்ச்சல் ஏறினாலும், அன்றைக்கே வெட்டு.

"மகளுக்கு நான் சொல்லவா?"

"வேணாம் மகன்."

"அப்ப நீங்க சொல்லுங்க" என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மிஸ்ஸி என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் கோமளம் தேத்தண்ணியோடு வந்தபோது அவளுடைய கையைப் பிடித்து விரித்துப் பார்த்துவிட்டு, ஒரு பூச்சு மருந்து கொண்டுவந்து கொடுத்தா. அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை.

இரண்டாவது முறை விடுவது முதல் முறையைவிடக் கேவலம். முதல் முறை எல்லாரும் பெத்தா பாவம் என்றார்கள். இந்த முறை என்னைப் பாவம் என்று சொல்ல நானே ஆயத்தமாயில்லை. அதே எச்சில், அதே வேர்வை, அதே சளி. ஐந்து நிமிஷம், ஐந்து நிமிஷமாக எண்ணினேன். காகங்கள் வராத நேரம் சுவரில் பல்லிகளை எண்ணினேன். ஆசை முற்றும்போது கண்ணை மூடி, மீன் செதில் ஒட்டிய அந்தச் சுருட்டை நினைப்பேன். கக்கூசுச் சுவரை, மடியில் சொருகிய படையல் மிச்சத்தை நினைப்பேன். ஆசை ஓடாது. ஆனால் பக்கத்தில் குமட்டலும் வந்து இருந்துகொள்ளும். இரண்டும் தமக்குள் சண்டை பிடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். வேறு யாருக்காவது இது உதவுமா தெரியாது. எனக்கு உதவியது அருவருப்புத்தான்.

பத்தாம் நாள் டொக்டர் கட்டை அவிழ்த்தார். கரையில் சிவப்பாக ஒரு நூல் அளவு தோல். கையெழுத்துத் தாளை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். கோமளம் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து அழுதாள்.

இது நடந்து எட்டு மாதம். இரண்டு விரல் இல்லை, கால் இருக்கிறது. தடி ஊன்றிக் கக்கூசுக்கு நானே போகிறேன். வரும் திவசத்துக்குச் சுருட்டு வைப்பதில்லை என்று முடிவு. அவர் கோபித்தால் அங்கே வந்து பேசிக்கொள்கிறேன். ரவியிடம் வைரவர் குடியை விட்டுவிட்டார் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று ஆறவில்லை. அயலவர்கள் வந்து என் காலை விசாரித்தால் கோமளம் இன்னும் சொல்கிறாள், பக்கத்து விரலும் போனது என்ட கவனயீனத்தால எண்டு. ஈரத் துணியைக் கட்டினேன் என்கிறாள். சொல்லும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். இதை எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். கோமளம் என்று கூப்பிட்டேன், என்னம்மா என்று வந்தாள், தேத்தண்ணி தா என்றேன். மூன்று தடவையும் தேத்தண்ணிதான் வந்தது. என் வாய் அப்படி. பெருமைக்கு மட்டும் திறந்து பழகியது. அதனால்தான் கொப்பி எடுத்தேன்.

கடைசித் தாளுக்கு வந்துவிட்டேன். தனுசா பள்ளிக்கூடத்தால் வந்து பக்கத்தில் இருக்கிறாள். முடிஞ்சிதா பெத்தா என்று கேட்கிறாள். முடிந்தது என்று கொப்பியை அவள் கையில் கொடுக்கப்போகிறேன். அவளுக்குச் சொல்லப்போவதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு வாய் மாறிவிடக் கூடாது.

"உனக்குள்ள வாசிக்காத புள்ள, சத்தமா வாசி. அம்மா வெளியில உடுப்புக் காயப்போடுறா. கூப்பிட்டு இதில இருக்கச் சொல்லு. அவ வந்து இருந்த பிறகு முதல்ல இருந்து தொடங்கு. நடுவில அவ எழும்பினாலும் நீ நிப்பாட்டாத."